அடுத்த ரவுண்டு

ஒன்பது இருபதுக்குச் சொன்னார்கள்.
இருபத்தெட்டாம் தேதிவரைதான் நான்.
கதவை மெல்லச் சாத்திவிட்டு
கல்யாணப் பத்திரிகை நீட்டுகிறவர்போல
உறையை இரண்டு கையாலும் கொடுத்தார் வெங்கடரமணி.
"நீங்க எப்பவுமே புரொபஷனல், சுகந்தி.
பன்னிரண்டு மணி இண்டர்வியூவை மட்டும் முடிச்சுக் குடுத்துடுங்க.
அந்தப் பொண்ணு ராயபுரத்துல கிளம்பிடுச்சாம்."

ராயபுரத்திலிருந்து பெருங்குடி.
அந்தத் தூரத்தை நினைத்துத்தான் ஒப்புக்கொண்டேன்
என்று பின்னால் சொல்லிக்கொள்ளலாம்.
வேறு என்ன செய்வதென்று அப்போது தெரியவில்லை,
அவ்வளவுதான்.
கழிவறையில் முகம் கழுவினேன். டிஷ்யூ தீர்ந்திருந்தது.
துப்பட்டாவில் துடைத்து மையை மறுபடி இட்டேன்,
இடது கண்ணில் சற்றுத் தடிப்பாக.

ஆக்னஸ் பெனிட்டா.
பி.காம்., துறைமுகத்தருகே ஒரு சரக்குக் கம்பெனியில் ஒரு வருடம்,
பிறகு எட்டு மாதம் எதுவுமில்லை.
மெட்ரோவுக்குத் தோண்டிய சாலையின் புழுதி
ஷூவின் ஓரத்தில் வெள்ளைக் கோடாக ஏறியிருந்தது.
ஒரு காலை இன்னொரு காலுக்குப் பின்னால் ஒளித்து
உட்கார்ந்தாள்.
"தண்ணி குடிங்க."
"பரவால்ல மேடம்," பாட்டிலைப் பார்த்துக்கொண்டே.
மூடியைத் திருகிக் கொடுத்தேன்.
ஒரே மூச்சில் பாதி.

என் கைப்பையிலிருந்து உறையின் மூலை நீட்டிக்கொண்டிருந்தது.
பையைக் காலால் மேசைக்கு அடியில் தள்ளினேன்.

"உங்களைப் பத்திச் சொல்லுங்க."
மனப்பாடம். மூன்றாம் வரியில் தடுக்கி
மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள்.
காத்திருந்தேன்.
பக்கத்தில் ஜெரால்டு பேனாவைத் தட்டுவதை நிறுத்தினான்.
அவனுக்கும் தெரிந்திருக்கிறது.
காலையில் என்னை மேடம் என்றான்,
ஏழு வருடத்தில் முதல் முறை.

"எட்டு மாசம் ஏன் இடைவெளி?"
"கம்பெனியை மூடிட்டாங்க மேடம்."
"அப்போ எப்படிச் சமாளிச்சீங்க?"
இந்தக் கேள்வி தாளில் இல்லை.
"முதல் மாசம் தினமும் குளிச்சுக் கிளம்பி
ஸ்டேஷன் வரைக்கும் போய்ட்டு வருவேன் மேடம்.
அம்மாக்குத் தெரியாது. அப்புறம் தெரிஞ்சிடுச்சு."
பிறகு, ஏதோ கொட்டிவிட்டவள்போல அவசரமாக:
"எக்ஸெல் நல்லாக் கத்துக்கிட்டேன்."
எக்ஸெல், நன்று என்று எழுதினேன்.
ஸ்டேஷனை எழுதவில்லை.
அதை நான் வைத்துக்கொண்டேன்.

அடுத்து, வரிசையில் ஏழாவதாக, அது.
"அஞ்சு வருஷம் கழிச்சு உங்களை எங்க பார்க்கிறீங்க?"
குரல் நடுங்கவில்லை. ஏசிதான் லேசாக உறுமியது.
"இங்கதான் மேடம்."
மேசையைத் தொட்டுக் காட்டினாள்,
என் பக்கத்து விளிம்பை.

"எங்ககிட்ட எதாவது கேக்கணுமா?"
"இங்க வேலை செய்யறதுல உங்களுக்கு எது புடிக்கும் மேடம்?"

அதற்குத் தயாராக ஒரு பதில் உண்டு:
குழு, வளர்ச்சி, கற்றல்.
வாய் திறந்தபோது வந்தது வேறு.
"மூணாவது மாடி சாப்பாட்டு ரூம் ஜன்னல்ல
சதுப்பு நிலம் தெரியும். தை மாசம் பூநாரை வரும்.
குப்பைமேடும் அதே ஜன்னல்லதான்.
காத்து திரும்புற அன்னிக்குச் சாத்திடணும்."
சிரித்தாள். முன்பல்லில் துளி லிப்ஸ்டிக்.
என் பல்லைத் தொட்டுக் காட்டினேன்.
துடைத்துக்கொண்டாள்.
ஜெரால்டு பார்க்காததுபோல் லேப்டாப்பைப் பார்த்தான்.

ஐந்துக்கு நான்கு போட்டேன்.
ஐந்து யாருக்கும் போட்டதில்லை.
இந்த வாரம் தொடங்கினால்
அது அவளுக்குப் போட்டதாக இருக்காது.

லிஃப்ட் வரை கூட நடந்தேன். வழக்கமில்லை.
கதவு மூடும்போது காலை நீட்டித் தடுத்தாள்,
அந்தப் புழுதி ஷூவை, மறைக்க மறந்து.
"அடுத்த ரவுண்டும் நீங்கதானே மேடம்?"

"வேற ஒருத்தர் வருவாங்க," என்றேன்.
"ஜன்னலைப் பத்தி அவங்ககிட்டக் கேக்காதீங்க.
அவங்க வேற மாடி."